மினி பஸ் ஓட்ட எந்த லைசென்ஸ் வேண்டும்? ஆர்.சி.யில் இருக்கும் ஓர் எண்ணிலிருந்து தொடங்க வேண்டிய பதில்

கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கேட்டவர் களக்காட்டுப் பக்கத்து ஊர்க்காரர், வயது 23. மூன்று ஆண்டுகளாக எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்திருக்கிறார். இதுவரை சொந்தக்காரர்களின் கார்களையும் ஒரு சிறிய லோடு வண்டியையும் ஓட்டிய பழக்கம் உண்டு. அவருடைய தாய்மாமா பழைய மினி பஸ் ஒன்றைப் பெர்மிட்டோடு வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறார். வாங்கினால் அதை மருமகனே ஓட்டுவது என்பது வீட்டில் எடுத்திருக்கும் முடிவு. ‘இருபத்தைந்து சீட்டு வண்டிதானே, எல்.எம்.வி. போதும்’ என்கிறார் ஒருவர். ‘ஹெவி இல்லாமல் பஸ்ஸைத் தொட்டாலே கேஸ்’ என்கிறார் இன்னொருவர். ‘சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, இனிமேல் எதுவுமே வேண்டாம்’ என்கிறார் மூன்றாமவர். பஸ் அமையாவிட்டால் பள்ளி வேன் ஓட்டலாமா, குற்றாலம் சீசனில் சுற்றுலா வேனுக்குப் போகலாமா என்பது கேள்வியின் பின்பகுதி.

பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவன் என்ற முறையில் இதே மூன்று குரல்களையும் பல முறை கேட்டிருக்கிறேன். மூவரிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்த வண்டியின் மொத்த எடை எவ்வளவு?

லைசென்ஸ் வகைகளைச் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 10-ஆவது பிரிவைப் படித்தால் அதில் ‘மினி பஸ்’ என்ற வகையே கிடையாது. ‘ஹெவி’ என்று நாம் வாய்க்கு வாய் சொல்லும் வகையும் இப்போது அங்கே இல்லை. முன்பு நடுத்தரச் சரக்கு வாகனம், நடுத்தரப் பயணிகள் வாகனம், கனரகச் சரக்கு வாகனம், கனரகப் பயணிகள் வாகனம் என்று நான்கு தனி வகைகள் இருந்தன. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நான்கையும் எடுத்துவிட்டு, ‘டிரான்ஸ்போர்ட் வாகனம்’ (தொழில்முறையில் ஆளோ சரக்கோ ஏற்றும் வண்டி) என்ற ஒரே வகையை வைத்தது. ஆகவே இன்று லைசென்ஸ் அட்டையில் நமக்கு வேண்டிய சொற்கள் இரண்டுதான், ஒன்று எல்.எம்.வி., மற்றொன்று டிரான்ஸ். ஊர்வழக்கில் பின்னதை ஹெவி என்கிறோம். அதில் தவறில்லை, ஆனால் சட்டத்தின் பேச்சு வேறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

எல்.எம்.வி. எது என்பதை 2-ஆவது பிரிவின் 21-ஆவது உட்பிரிவு வரையறுக்கிறது. அங்கேயுள்ள எண் 7,500 கிலோ. இந்த எண் பலருக்கும் தெரியும். எந்த எடையை அதோடு ஒப்பிட வேண்டும் என்பதில்தான் தவறு நேர்கிறது. கார், டிராக்டர், ரோடு ரோலர் ஆகியவற்றுக்கு வெறும் வண்டியின் எடை, அதாவது ஆளும் சரக்கும் ஏற்றாத எடை, கணக்கில் எடுக்கப்படுகிறது. டிரான்ஸ்போர்ட் வாகனத்துக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் அப்படியல்ல. ஆட்களும் சுமையும் ஏற்றி அந்த வண்டி எவ்வளவு கனம் வரை போகலாம் என்று பதிவு செய்யப்பட்டிருக்கிறதோ அந்த மொத்த எடைதான் கணக்கு. இரண்டுக்கும் எல்லை 7,500 கிலோவே. அளக்கும் பொருள்தான் வேறு. (சட்டத்தில் ஆம்னி பஸ் என்றால் சென்னைக்கு இரவில் போகும் சொகுசுப் பேருந்து அல்ல, ஓட்டுநரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றத்தக்கதாகக் கட்டப்பட்ட எந்த வண்டியும் ஆம்னி பஸ்தான்.)

சில ஆண்டுகளுக்கு முன் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) நகலோடு என்னிடம் வந்தார். ‘அண்ணாச்சி, வண்டி அஞ்சு டன்தான். எல்.எம்.வி. போதும்லா?’ என்று கேட்டார். அட்டையின் முன்பக்கத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் என்று இருந்த எண்ணைக் காட்டினார். அது வெறும் வண்டியின் எடை. திருப்பிப் பார்த்தால் மொத்த எடை 7,500-ஐத் தாண்டி நின்றது. விற்றவர் பொய் சொல்லவில்லை, வாங்கியவரும் ஏமாறவில்லை. இருவரும் சேர்ந்து தவறான வரியைப் படித்திருந்தார்கள், அவ்வளவுதான். எனவே உங்கள் மாமா பார்க்கும் வண்டியின் ஆர்.சி.யில் ‘அன்லேடன்’ என்று தொடங்கும் எடையை விட்டுவிடுங்கள்; ‘கிராஸ்’ அல்லது ‘லேடன்’ என்றிருக்கும் எடையைப் பாருங்கள். சீட்டு எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரே 25 சீட்டை நீளம் குறைந்த இலகுவான சேசிஸிலும் கட்டலாம், கனமான சேசிஸிலும் கட்டலாம். டெம்போ டிராவலர், விங்கர் போன்ற வேன்கள் 7,500 கிலோவுக்கு வெகு கீழேயே நிற்கின்றன. பஸ் உடல் கட்டிய வண்டிகளில்தான் சில அந்தக் கோட்டுக்கு உள்ளேயும் சில வெளியேயும் விழுகின்றன.

இனி ‘சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்ற மூன்றாம் குரலுக்கு வருவோம். அவர் சொல்வது கட்டுக்கதை அல்ல. வண்டி 7,500 கிலோவுக்குக் கீழே இருந்தாலும், அது வாடகைக்கு ஓடும் டிரான்ஸ்போர்ட் வாகனமாக இருந்தால் எல்.எம்.வி. லைசென்ஸில் தனியாக டிரான்ஸ்போர்ட் அனுமதி வேண்டுமா என்பது நெடுங்காலமாக இழுபட்ட வழக்கு. விபத்து நடந்தவுடன் காப்பீட்டு நிறுவனங்கள் முதலில் தூக்கும் ஆயுதமும் அதுவே. 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, தனி அனுமதி வேண்டியதில்லை என்றது. அதைப் பின்பற்றி 2018 ஏப்ரலில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. அந்தத் தீர்ப்பின் சரி தவறு மீண்டும் கேள்விக்கு உள்ளாகி, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போயிற்று. பஜாஜ் அலையன்ஸ் நிறுவனத்துக்கும் ரம்பா தேவிக்கும் இடையிலான அந்த வழக்கில் 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் டிரான்ஸ்போர்ட் வாகனத்தை எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்பதும், டிரான்ஸ்போர்ட் வாகனத்துக்கென்று சட்டத்திலும் விதிகளிலும் உள்ள கூடுதல் தகுதிகள் பொதுவாக அந்த எடையைத் தாண்டிய வாகனங்களை ஓட்ட விரும்புபவர்களுக்கே என்பதும் அதன் சாரம். மின் ரிக்‌ஷா, ஆபத்தான பொருள் ஏற்றும் வண்டி போன்றவற்றுக்கு அந்தத் தளர்வு கிடையாது. அது உங்களுக்குத் தொடர்பில்லாதது.

அப்படியானால் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இது. மாமா வாங்கும் வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் இல்லையென்றால், உங்களிடம் இப்போது இருக்கும் எல்.எம்.வி. லைசென்ஸ் சட்டப்படி போதும். ஒரு கிலோ தாண்டினாலும் போதாது; டிரான்ஸ் லைசென்ஸ் கட்டாயம். அது இல்லாமல் ஓட்டினால், லைசென்ஸே இல்லாமல் ஓட்டியவருக்கும் உங்களுக்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு கிடையாது.

இருந்தாலும், வண்டி 7,500-க்குள் இருந்தாலும் டிரான்ஸ் லைசென்ஸ் எடுத்த பிறகே மினி பஸ்ஸை ஓட்ட ஏறுங்கள் என்பதுதான் என் யோசனை. இது சட்டம் கேட்பதற்கு மேற்பட்டது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன். எல்.எம்.வி. தேர்வில் நீங்கள் ஓட்டிக்காட்டியது ஒரு காரை. காரில் பின் சக்கரம் ஏறக்குறைய வண்டியின் கடைசியில் இருக்கிறது. பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு அப்பாலும் வண்டி நீண்டிருக்கிறது. ஸ்டியரிங்கை இடப்புறம் ஒடித்தால் அந்த வால்பகுதி வலப்புறம் வீசும். களக்காடு, ஏர்வாடி போன்ற ஊர்களின் கடைத்தெருவில் ஒரு திருப்பத்தில் முன்பக்கம் சுத்தமாகத் தப்பித்துவிட, அந்த வால் நின்றுகொண்டிருந்த சைக்கிளையோ இளநீர்த் தள்ளுவண்டியையோ தட்டிவிட்டுப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிரேக்கும் வேறு. பெரும்பாலான வேன்களில் காலை வைத்தவுடன் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக். பெரிய பஸ்களில் காற்றுப் பிரேக். காலையில் வண்டியை எடுத்ததும் அழுத்தமானி முள் போதுமான அளவுக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை காரோட்டிப் பழகியவரின் கால் தானாக அறியாது. இவற்றைப் பயணிகள் இல்லாத வண்டியில், பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொள்வது நல்லது. சந்தை நாளில் நாற்பது பேர் தொங்கும் வண்டியில் கற்றுக்கொள்வது நல்லதல்ல. தவிர, அடுத்த முதலாளி கனமான வண்டியைக் கொடுத்தால் அப்போது லைசென்ஸுக்காக ஓட முடியாது.

டிரான்ஸ் லைசென்ஸ் எடுப்பதற்கான தகுதிகள் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கின்றன. 4-ஆவது பிரிவின்படி வயது 20 நிறைந்திருக்க வேண்டும். 7-ஆவது பிரிவின்படி எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்துக் குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று ஒரு காலத்தில் இருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்றும் சிலர் எட்டாம் வகுப்புச் சான்றிதழுக்காகப் பழைய பள்ளிக்கூடத்தின் வாசலில் போய் நிற்கிறார்கள்; லைசென்ஸுக்காக அந்த அலைச்சல் தேவையில்லை.

நடைமுறை இப்படிப் போகும். ஏற்கெனவே உள்ள லைசென்ஸில் புதிய வகையைச் சேர்க்க விண்ணப்பிக்கிறீர்கள். விண்ணப்பமும் கட்டணமும் இப்போது பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதி வழியாகவே. முதலில் டிரான்ஸ்போர்ட் வகைக்கான எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வாங்க வேண்டும். அது 6 மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். அந்த நாட்களில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைத் தளத்தில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். குறைந்தது 18 சென்டிமீட்டர் சதுரம் என்று விதியிலேயே அளவு சொல்லப்பட்டிருக்கிறது. உரிய லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய வகையில், பக்கத்தில் அமர்ந்திருக்கவும் வேண்டும். ‘எல்.எல்.ஆர். கையில் இருக்கிறதே’ என்று பயணிகளை ஏற்றிக்கொண்டு டிரிப் அடிப்பது பயிற்சி ஆகாது.

மருத்துவச் சான்று டிரான்ஸ்போர்ட் வகைக்குக் கட்டாயம், படிவம் 1-ஏ. இதைப் பலரும் ஒரு கையெழுத்துச் சடங்காக நினைக்கிறார்கள். அந்தப் படிவத்தில் மருத்துவர் பதிலளிக்க வேண்டிய கேள்விகளுள் ஒன்று, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டை இவரால் படிக்க முடிகிறதா என்பது. நீங்களே வீட்டு வாசலில் முப்பது தப்படி எண்ணி நடந்து போய் நின்று பார்க்கலாம். படிக்க முடியவில்லை என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுவதில் எந்தத் தடையும் இல்லை.

அடுத்தது, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி கொடுக்கும் படிவம் 5. காருக்கு வீட்டிலேயே பழகிக்கொண்டு தேர்வுக்குப் போகலாம். டிரான்ஸ்போர்ட் வகைக்கு இந்தச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. டிரான்ஸ்போர்ட் வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. காசு கொடுத்தால் வகுப்புக்கு வராமலே சான்றிதழ் என்று பேசும் இடங்களும் உண்டு என்பதை இந்தத் தொழிலில் இருந்தவன் மறைத்துப் பயனில்லை. சேரும் முன் அந்தப் பள்ளியில் உண்மையிலேயே ஒரு பஸ்ஸோ லாரியோ ஓடுகிறதா, அதில் ஆசிரியர் பக்கமும் பிரேக், கிளட்ச் பெடல்கள் இருக்கின்றனவா என்று நேரில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வேன் மட்டும் வைத்துக்கொண்டு ஹெவி சொல்லிக்கொடுப்பதாகச் சொல்பவரிடம் வாலைத் திருப்பக் கற்றுக்கொள்ள முடியாது.

தேர்வை எடுப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அவர் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’தான். எட்டுப் போடுவது இருசக்கர வண்டிக்கு. பஸ்ஸுக்கு வந்தவர்களைத் தடுமாற வைப்பது ரிவர்ஸ். கட்டுப்பாட்டோடு பின்னால் வந்து குறுகிய இடைவெளிக்குள் வண்டியைச் செலுத்த வேண்டும் என்பது விதியிலேயே உள்ள சோதனை. என் மாணவர்களில் தோற்றவர்களுள் பெரும்பாலோர் அதில்தான் தோற்றார்கள், அதுவும் ஒரே காரணத்தால்: பக்கக் கண்ணாடியை நம்பாமல் கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்கள். கழுத்து நீண்ட பக்கம் தெரிந்தது; மறுபக்கம் எல்லைக்கு நட்டிருந்த கம்பு விழுந்தது. தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

திருநெல்வேலி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவுக் குறியீடு டி.என். 72, வள்ளியூரில் உள்ள பகுதி அலுவலகத்துக்கு 72-ஏ. தென்காசிப் பக்கத்து வண்டிகளில் 76-ஐப் பார்ப்பீர்கள். வண்டி எந்த அலுவலகத்தில் பதிவாகியிருந்தாலும் உங்கள் லைசென்ஸ் உங்கள் முகவரிக்கு உரிய அலுவலகத்தைச் சேர்ந்தது; விண்ணப்பத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு வரும் தவறு ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அட்டையில் இரண்டு காலாவதித் தேதிகள் இருக்கும்; ஒன்று டிரான்ஸ்போர்ட் அல்லாத வகைக்கு, மற்றொன்று டிரான்ஸ்போர்ட்டுக்கு. முதலாவது பல ஆண்டுகள் செல்லும். இரண்டாவது 5 ஆண்டுதான். 2019 திருத்தத்துக்கு முன் அது 3 ஆண்டாக இருந்தது. என்னிடம் பயின்ற ஒருவர், நல்ல ஓட்டுநர், வண்ணார்பேட்டையில் ஒரு நாள் சோதனையில் நிறுத்தப்பட்டார். அட்டையை எடுத்து நீட்டி, ‘இன்னும் பதினோரு வருஷம் இருக்கு சார்’ என்றார். அதிகாரி விரலால் கீழ் வரியைத் தொட்டார். டிரான்ஸ்போர்ட் தேதி முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. முன்பெல்லாம் தேதி முடிந்தாலும் 30 நாள் வரை லைசென்ஸ் உயிரோடு இருப்பதாகச் சட்டம் கருதியது; 2019-இல் அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது முடிந்த நாள் என்றால் முடிந்த நாள்தான். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி தேர்வுக்குப் போக வேண்டும். ஓட்டுநர்கள் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதியையும் இன்சூரன்ஸ் தேதியையும் டேஷ்போர்டில் எழுதி ஒட்டுகிறார்கள். தங்கள் லைசென்ஸ் தேதியை ஒட்டுவதில்லை.

மாமாவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுபவருக்கு 181-ஆவது பிரிவு. ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கு 180-ஆவது பிரிவு. இரண்டிலும் 2019-க்குப் பிறகு 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 5,000 ரூபாயைக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பவர்களிடம் நான் காப்பீட்டைப் பற்றித்தான் பேசுவேன். ஓட்டுநரிடம் உரிய லைசென்ஸ் இல்லாத நிலையில் விபத்தில் ஒருவர் இறந்தால், பாதிக்கப்பட்ட குடும்பம் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காக, நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிடுவது வழக்கம். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது இதைத்தான். உரிமையாளர் தெரிந்தே விதியை மீறினாரா, லைசென்ஸைச் சரிபார்க்க நியாயமான அக்கறை எடுத்தாரா என்பதும் அங்கே பார்க்கப்படும். சொந்த மருமகன் விஷயத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்று மாமா சொல்ல முடியுமா? பஸ்ஸை விற்றாலும் அடைபடாத தொகை வீட்டின் மேலும் வயலின் மேலும் வந்து நிற்கும்.

லைசென்ஸ் ஆளைப் பற்றியது, பெர்மிட் வண்டியைப் பற்றியது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பேச்சு குழம்புகிறது. மினி பஸ் என்பது தனித்தனிக் கட்டணம் வாங்கி இடையிடையே ஏற்றி இறக்கும் ஸ்டேஜ் கேரியேஜ். தமிழ்நாட்டில் பேருந்து போகாத ஊர்களுக்கென 1997-இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது மினி பஸ் திட்டம் வந்தது. அதை விரிவாக்கிய புதிய திட்டத்தை மு.க. ஸ்டாலின் 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கிவைத்தார். அதில் வழித்தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். பெர்மிட்டைக் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். மாவட்டத்தில் அந்தப் பொறுப்பு ஆட்சியரிடம் இருக்கிறது. ஆகவே மாமா ‘பெர்மிட்டோடு’ வாங்குகிறார் என்றால் வண்டி பெயர் மாறினால் பெர்மிட்டும் தானாக மாறிவிடாது என்பதை அவர் அறிய வேண்டும். பெர்மிட் பெயர் மாற்றத்துக்கு ஆணையத்தின் அனுமதி தனியாக வேண்டும். அனுமதி வரும் முன் ஓட்டினால் பெர்மிட் இல்லாமல் ஓட்டியதாக 192-ஏ பிரிவு பாயும். அங்கே அபராதம் 10,000 ரூபாய். ஸ்டேஜ் கேரியேஜில் நடத்துநர் வேலை பார்ப்பவருக்கும் 29-ஆவது பிரிவின்படி நடத்துநர் லைசென்ஸ் வேண்டும். ‘தம்பி சும்மாதான் இருக்கான், டிக்கெட் கிழிக்கட்டும்’ என்று வீட்டில் முடிவு செய்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சுற்றுலா வேன் விஷயம் எளிது. டெம்போ டிராவலர் அளவு வண்டிக்கு உங்கள் எல்.எம்.வி. போதும் என்று மேலே சொன்ன தீர்ப்பே சொல்கிறது. அங்கே கவனிக்க வேண்டியவை வேறு. வேன், மொத்தமாகப் பேசி எடுக்கும் கான்ட்ராக்ட் கேரியேஜ். சீசன் நாட்களில் பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்று ‘குற்றாலம், குற்றாலம், ஆளுக்கு இவ்வளவு’ என்று கூவி ஏற்றுவது பெர்மிட் மீறல். ஸ்டியரிங்கில் இருப்பவர் நீங்கள் என்பதால் முதலில் பிடிபடுபவரும் நீங்களே. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குப் போகும் வேன்கள் செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாக மலையேறும். உங்கள் லைசென்ஸ் 13-ஆவது பிரிவின்படி இந்தியா முழுவதும் செல்லும். வண்டியின் பெர்மிட் அப்படிச் செல்லாது. அகில இந்தியச் சுற்றுலாப் பெர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் அந்தப் பயணத்துக்கென்று சிறப்புப் பெர்மிட் எடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடியற்காலையில் மலை இறங்கும்போது தூக்கம் தட்டுவதுதான் அந்தப் பாதையின் உண்மையான ஆபத்து. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தி, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை வைத்திருந்தது. அந்த வரம்பைச் சீசனில் யாரும் மதித்ததாக நான் கண்டதில்லை. இன்னோர் ஓட்டுநரை உடன் அனுப்பச் சொல்லிக் கேட்பதற்காவது அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வேனைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளிக்குச் சொந்தமான பஸ், சட்டப்படி டிரான்ஸ்போர்ட் வாகனமே. அது 7,500 கிலோவுக்குள் இருந்தால் லைசென்ஸ் வகை அளவில் எல்.எம்.வி. போதுமானதாகலாம். ஆனால் பள்ளி வாகனத்தில் லைசென்ஸ் மட்டும் பார்க்கப்படுவதில்லை. 1997-இல் டெல்லியை முன்வைத்து உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவில் பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குக் கனரக வாகனம் ஓட்டுவதில் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும் என்றும், மிகை வேகத்துக்கோ குடித்துவிட்டு ஓட்டியதற்கோ ஒரு முறை வழக்குப் பதிவாகியிருந்தாலும் அவரை வைக்கக் கூடாது என்றும் இருந்தது. அதன் பிறகு நாடு முழுவதும் பள்ளிகள் அதையே அளவுகோலாகக் கொண்டன. தமிழ்நாட்டில் 2012-இல் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகளே வந்தன. கனரக அனுபவமே இல்லாத உங்களை ஒரு பள்ளி இப்போது எடுத்துக்கொண்டால், அந்தப் பள்ளி எதைப் பார்த்து ஆள் எடுக்கிறது என்று நீங்கள்தான் கவலைப்பட வேண்டும். டிரான்ஸ் லைசென்ஸ் எடுத்துச் சில ஆண்டுகள் மினி பஸ் ஓட்டிய பிறகு அந்தப் பக்கம் போங்கள்.

இப்போது செய்ய வேண்டியது என்று பார்த்தால், மாமா முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யின் இரண்டு பக்கங்களையும் பெர்மிட்டையும் படம் எடுத்து வாங்கிவரச் சொல்லுங்கள். மொத்த எடை 7,500-க்கு மேல் இருந்தால், எல்.எல்.ஆர். முதல் தேர்வு வரை எப்படியும் ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை டிரான்ஸ் லைசென்ஸ் உள்ள ஓர் ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் வண்டியின் விலையோடு சேர்த்து மாமா கணக்கிட்டுக்கொள்ளட்டும். அந்த நாட்களில் நீங்கள் வண்டியில் ஏறுங்கள், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நின்று வழித்தடத்தைப் பழகுங்கள். எந்தத் திருப்பத்தில் எதிரே வரும் டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்க இடம் உண்டு, எந்தப் பாலத்தில் இல்லை என்று அந்த ஓட்டுநரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.